அளவுகோலையே அளந்து பார்த்தவர்கள்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே பத்து வந்துவிட்டன. நீ உன் தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுது. ஆனால் படிக்கிற மாதிரி எழுது!" முதல் பாதி சுலபம். இரண்டாம் பாதிக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன். சீனியர் அண்ணன்களுக்கு இதில் பல விஷயங்கள் தெரிந்தவையாக இருக்கலாம், பொறுத்தருள வேண்டும். இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அவர்களில் பாதிப் பேராவது அம்பத்தூரிலோ, ஓசூரிலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ, கோவையிலோ ஏதாவது ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் வாசல்படியை மிதிக்கத்தான் போகிறார்கள்.

என் வேலை இதுதான். கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து தரும் சப்ளையர்களிடம் போவேன். அவர்கள் அளவெடுக்கும் முறை நம்பத் தகுந்ததா என்று பார்ப்பேன். இல்லையென்றால் ஏன் இல்லை என்று புரியவைப்பேன். பிறகு, அதே விஷயத்தை அவர்களே தங்கள் கஸ்டமரிடம் எடுத்துச் சொல்லும்படி தயார் செய்வேன். மூன்றாவது வேலைதான் இருப்பதிலேயே கஷ்டம். செய்கிறவனுக்குச் சொல்லத் தெரியாது; சொல்லத் தெரிந்தவன் மெஷின் பக்கமே போயிருக்க மாட்டான். ஒவ்வொரு சப்ளையரிடமும் எனக்குக் கிடைக்கும் முதல் கேள்வி, "இதெல்லாம் யார் சார் கண்டுபிடிச்சாங்க? எதுக்கு எங்க உசுரை வாங்கறாங்க?" என்பது. நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரித்திரத்துக்குப் போகும் முன் பூக்கடைக்குப் போவோம். மல்லிகைப்பூ முழக்கணக்கில் விற்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவின் முழம் வேறு, பக்கத்துக் கடைக்காரரின் முழம் வேறு. அது மட்டுமல்ல, அதே அம்மா அதே சரத்தை இரண்டாம் தடவை முழம் போட்டால் நாலு விரல் கூடலாம், குறையலாம். முதல் வித்தியாசம் ஆளுக்கு ஆள் வருவது, இரண்டாவது ஒரே ஆளுக்குள் வருவது. இப்போது உங்களிடம் யாராவது "நேற்று வாங்கிய பூ நீளம், இன்று வாங்கியது கட்டை" என்று புகார் சொன்னால், மாறியது பூச்சரமா, முழமா? இந்தக் கேள்வியைத்தான் வாகனத் தொழில் நூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வித்தியாசம், அது மைக்ரானில் கேட்கிறது. பதில் தவறானால் வண்டியின் பிரேக் பிடிக்காது.

முதலில் டெட்ராய்ட். ஹென்றி லேலண்ட் என்று ஒரு மனிதர். நம் எண்ணூர் அசோக் லேலண்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது. துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியில் தேறி, 1902-ல் கேடிலாக் கார் கம்பெனியை உருவாக்கியவர். ஒரு பாகத்தைக் கழற்றினால் அதே மாதிரி இன்னொன்று அரம் போடாமல் அப்படியே உட்கார வேண்டும் என்பது துப்பாக்கித் தொழிலில் பிறந்த கனவு. அதைக் காருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இவர்.

இவருக்கு ரோலர் பேரிங் சப்ளை செய்து வந்தது ஹயாட் என்ற கம்பெனி. அதன் தலைமையில் ஓர் இளம் எஞ்சினியர், பெயர் ஆல்ஃபிரெட் ஸ்லோன். ஆமாம், பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கே தலைவரான அதே ஸ்லோன். பேரிங்குகள் சரியில்லை என்று ஒருநாள் லேலண்ட் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் வரிசையாக பேரிங்குகள், பக்கத்தில் மைக்ரோமீட்டர். ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். சாம்பிளாகக் கொடுத்தது நன்றாக இருந்தால் போதாது, ஆயிரமாவது பேரிங்கும் முதல் பேரிங்கைப் போல இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். ஸ்லோன் இதைத் தன் நினைவுகளில் பின்னாளில் எழுதியிருக்கிறார். பெருந்திரள் உற்பத்தி என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் தனக்குப் புரிந்தது என்கிற தொனியில். வாகன வரலாற்றில் ஒரு கஸ்டமர் ஒரு சப்ளையரை உட்காரவைத்து அளவு பற்றி வகுப்பெடுத்ததற்கு நான் அறிந்த ஆகப் பழைய உதாரணம் இது. இன்றைக்கும் ஒவ்வொரு ஆடிட்டிலும் நடப்பது இதே காட்சிதான். மேஜை மட்டும் கொஞ்சம் விலை கூடியது.

லேலண்டின் பிடிவாதத்துக்கு 1908-ல் பலன் கிடைத்தது. இங்கிலாந்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் நடத்திய சோதனை. மூன்று கேடிலாக் கார்களைப் பிரித்து, பாகங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, ஏஜெண்டின் ஸ்டாக்கில் இருந்த புதிய பாகங்களைப் போட்டார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று கார்களையும் மீண்டும் பூட்டி, புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் ஒவ்வொன்றையும் 500 மைல் ஓட்டினார்கள். ஓடின! அந்த வருடத்து டீவார் கோப்பை கேடிலாக்குக்குப் போனது.

இதே காலத்தில் ஸ்வீடனில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் வருட மெட்ராலஜி லேபில், தேக்குப் பெட்டிக்குள் வெல்வெட் மேல் வரிசையாக அடுக்கியிருக்கும் ஸ்லிப் கேஜ்களை நாம் எல்லோரும் பயபக்தியோடு பார்த்திருக்கிறோம். (ஒரு கட்டை கீழே விழுந்தால் லேப் அட்டெண்டரின் முகம் எப்படி மாறும் என்பதும் தெரியும்.) அதைக் கண்டுபிடித்தவர் கார்ல் எட்வர்ட் ஜோஹன்சன். எஸ்கில்ஸ்டூனா என்ற ஊரில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. மௌசர் ரைஃபிள் உற்பத்திக்காக ஜெர்மனி போய்வந்தவர், அங்கே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தனிக் கட்டை என்று அறை அறையாகக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தார். அத்தனை எதற்கு? ஒன்றோடொன்றைச் சேர்த்து எந்த அளவையும் உண்டாக்க முடியாதா? ரயிலில் திரும்பி வரும்போதே கணக்குப் போட்டார். 102 கட்டைகள் இருந்தால் 0.01 மில்லிமீட்டர் படியில் 20,000 வெவ்வேறு அளவுகளை உண்டாக்கலாம் என்று விடை வந்தது. இது 1896 வாக்கில். தேய்த்து மெருகேற்ற மெஷின் இல்லை. மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்து வீட்டிலேயே தேய்த்தார்.

ஜோஹன்சனின் கட்டைகளை அமெரிக்காவில் முதலில் வாங்கியவர்களில் கேடிலாக்கும் ஒன்று. 1923-ல் ஹென்றி ஃபோர்டு அவருடைய அமெரிக்கத் தொழிலையே வாங்கி, அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். ஒரு இன்ச் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்பதும் ஜோஹன்சன் செய்த ஏற்பாடு. அப்போது அமெரிக்க இன்ச் இதற்கு ஒரு துளி மேல், பிரிட்டிஷ் இன்ச் ஒரு துளி கீழ். இரண்டுக்கும் நடுவே ஒரு எண்ணைப் பிடித்து, தன் கட்டைகளை அதற்குத் தேய்த்தார். அரசாங்கங்கள் 1959-ல்தான் அதற்கு உடன்பட்டன. அவர் பின்பற்றிய 20 டிகிரி செல்சியஸ் 1931-ல் சர்வதேச வெப்பநிலையாக ஏற்கப்பட்டது.

இந்த 20 டிகிரி நமக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். சித்திரை மாதத்தில் நம் ஷெட்டுகளுக்குள் 38 டிகிரி இருக்கும். 100 மில்லிமீட்டர் எஃகு அந்தச் சூட்டில் சுமார் 20 மைக்ரான் நீளும். கருவியும் எஃகு, பாகமும் எஃகு என்றால் இரண்டும் சேர்ந்து நீளுவதால் தப்பிக்கலாம். பாகம் அலுமினியம் என்றால் அது எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும். ஏஸி ரூமில் ஓகே ஆன பீஸ் ஷாப் ஃப்ளோரில் ரிஜெக்ட் ஆவதும், மாறி நடப்பதும் இதனால்தான். யாருடைய கைராசியும் காரணமில்லை.

ஆக, 1920-களில் அளவுகோல் தயார். ஆனால் அளவுகோல் சரியாக இருந்தாலும் அளக்கும்போது விடை மாறிக்கொண்டே இருக்குமே, அதை என்ன செய்வது? இதற்கு வழி காட்டியது கார் கம்பெனி அல்ல, டெலிபோன் கம்பெனி. 1924 மே மாதம் 16-ஆம் தேதி வால்டர் ஷீவார்ட் என்ற இயற்பியலாளர் தன் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு சின்னப் படம். அதுதான் உலகத்தின் முதல் கண்ட்ரோல் சார்ட். எந்த வேலையிலும் இரண்டு வகை மாற்றம் உண்டு, ஒன்று எப்போதும் இருப்பது, இன்னொன்று ஏதோ ஒரு தனிக் காரணத்தால் வருவது. முதல் வகைக்குத் தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை என்பதுதான் அதன் சாரம். இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். பேராசிரியர் மஹலனோபிஸ் அழைத்து, இதே ஷீவார்ட் 1947 கடைசியில் இந்தியாவுக்கு வந்து சுமார் மூன்று மாதம் தங்கியிருந்து புள்ளியியல் தரக்கட்டுப்பாடு பற்றிப் பேசினார். டெமிங் ஜப்பானுக்குப் போய் அந்தப் புகழ்பெற்ற பாடங்களை நடத்தியது 1950-ல். அதாவது குருநாதரே நம் வீட்டுக்கு முதலில் வந்துவிட்டுப் போனார். ஜப்பான் சிஷ்யரைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. ஏன் அப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். என் அபிப்பிராயம், அங்கே அந்தக் கல்வி ஃபோர்மேன் வரைக்கும், அதுவும் ஜப்பானிய மொழியில், இறங்கியது. இங்கே அது நிபுணர்களின் கருத்தரங்கோடு நின்றது. போட்டிக்கு ஆளில்லாத சந்தையில், வந்ததை வாங்கிக்கொள்ளும் கஸ்டமர் இருக்கும்போது, யாருக்கு என்ன அவசரம்!

டெமிங்கை அவருடைய சொந்த நாடு 1980 ஜூன் மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகுதான் கண்டுகொண்டது. ஜப்பானியக் கார்கள் டெட்ராய்ட்டின் கழுத்தைப் பிடித்திருந்த சமயம். ஃபோர்டு அவரை அழைத்தது. அந்தக் காலத்து ஃபோர்டில் நடந்த ஒரு சம்பவத்தை என் ட்ரெயினிங் வகுப்புகளில் நான் தவறாமல் சொல்வேன். ஃபோர்டு ஒரே டிசைன் கியர்பாக்ஸை அமெரிக்காவில் தன் ஆலையிலும், ஜப்பானில் மாஸ்டாவிடமும் செய்து வாங்கியது. இரண்டும் ஒரே டிராயிங், ஒரே டாலரன்ஸ். ஆனால் ஜப்பானில் செய்ததற்குப் புகார் குறைவு, சத்தமும் குறைவு. ஏன்? இரண்டையும் பிரித்து அளந்தார்கள். ஃபோர்டின் பாகங்கள் டாலரன்ஸில் ஏறத்தாழ 70 சதவீதம் வரை பரவியிருந்தன. அதாவது எல்லாமே ஓகே பீஸ்தான். மாஸ்டாவின் பாகங்கள் 27 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. அளந்துகொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில், பீஸை மாற்றி மாற்றி வைத்தும் முள் அசையவில்லையே, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டாராம். கருவி கெடவில்லை. பாகங்கள்தான் அவ்வளவு ஒன்றுபோல இருந்தன.

இந்தக் கதையில் எல்லோரும் மாஸ்டாவைப் பாராட்டுவார்கள். எனக்குப் பிடித்தவர் அந்த இன்ஸ்பெக்டர். முள் அசையாதபோது அவர் முதலில் சந்தேகப்பட்டது தன் கருவியை. அந்தச் சந்தேகம் சரியான இடம். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு முறை வேண்டும், அவ்வளவுதான். அந்த முறைதான் பின்னால் எம்எஸ்ஏ என்ற பெயரில் நம் மேஜைக்கு வந்தது.

அது வந்த விதம் இது. 1980-களில் ஃபோர்டு தன் சப்ளையர்களுக்கு க்யூ-101 என்று ஒரு விதிப்புத்தகம் வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸிடம் வேறு புத்தகம், கிரைஸ்லரிடம் இன்னொன்று. மூவருக்கும் ஒரே போல்ட்டைச் செய்து அனுப்பும் சப்ளையர், மூன்று விதமான ஃபாரம் நிரப்பி, மூன்று ஆடிட்டுக்கு உட்கார்ந்து, மூன்று விதமான சொற்களில் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். சப்ளையர்கள் முறையிட்டார்கள். 1988-ல் மூன்று கம்பெனிகளின் கொள்முதல் துணைத் தலைவர்களும் சேர்ந்து ஒரு பணிக்குழுவை அமைத்தார்கள். அதன் முதல் குழந்தை 1990-ல் வந்த எம்எஸ்ஏ கையேடு. அளவெடுக்கும் அமைப்பை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் புத்தகம். அதன் பின் எஸ்பிசி, எஃப்எம்இஏ, பிபிஏபி, ஏபிக்யூபி என்று கையேடுகள் வரிசையாக வந்தன. 1994-ல் எல்லாவற்றுக்கும் குடையாக க்யூஎஸ்-9000 வந்தது. 1997-க்குள் சான்றிதழ் வாங்கவில்லையென்றால் நேரடி சப்ளையராக இருக்க முடியாது என்று கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் தேதி குறித்தன. கவனியுங்கள், பிற கையேடுகளுக்கெல்லாம் முன்னால் வந்தது அளவெடுப்பு பற்றியதுதான். அளவே பொய் என்றால் மற்ற ஐந்து புத்தகமும் பொய்க்கணக்கு.

அந்தக் கையேட்டின் பிரபலமான சோதனை கேஜ் ஆர் அண்ட் ஆர். ரிப்பீட்டபிலிட்டி, ரிப்ரொட்யூசிபிலிட்டி. (இந்த இரண்டு சொற்களை வாயில் நுழைய வைப்பதற்கே எனக்கு ட்ரெயினிங்கில் அரைமணி நேரம் போய்விடும்.) பத்து பீஸ், மூன்று பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பீஸையும் மூன்று தடவை அளக்க வேண்டும். எந்த பீஸ் என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. வரும் தொண்ணூறு எண்களிலிருந்து மூன்று விஷயங்களைப் பிரிக்கிறோம். ஒரே ஆள் ஒரே பீஸைத் திரும்ப அளந்தபோது வந்த மாற்றம் எவ்வளவு, ஆளுக்கு ஆள் வந்த மாற்றம் எவ்வளவு, நிஜமாகவே பீஸுக்கு பீஸ் இருக்கும் மாற்றம் எவ்வளவு. பூக்கடைக் கணக்கேதான். முதல் இரண்டும் சேர்ந்தது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்தக் கருவியை நம்பாதே, நடுவில் என்றால் உபயோகத்தையும் செலவையும் பார்த்து முடிவு செய் என்பது வழக்கம்.

இங்கே ஒரு குழப்பம் எல்லா ஊரிலும் வரும். "சார், கேஜ் ஆர் அண்ட் ஆர் 25 சதவீதம், பார்ட் வேரியேஷன் 96.8 சதவீதம்னு ஷீட்ல வருது. கூட்டினா 121.8. நூறுக்கு மேல எப்படி சார் போகும்?" கேட்பவர் புத்திசாலி. அவரை "அது ஃபார்முலா அப்படித்தான்" என்று சொல்லி உட்கார வைப்பவர்கள் உண்டு. பாவம் செய்கிறார்கள். பதில் பித்தகோரஸ் தேற்றம். இந்த மாற்றங்கள் நேர்க்கோட்டில் கூடுவதில்லை, செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் மாதிரி கூடுகின்றன. 25-இன் வர்க்கம் 625, 96.8-இன் வர்க்கம் 9,370. கூட்டினால் பத்தாயிரத்துக்கு ஐந்துதான் குறைவு. அதன் வர்க்கமூலம் 100. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தால் எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் புரிந்துவிடுகிறது. வரைய வேண்டும், அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர். சென்னையை டெட்ராய்ட் என்று பத்திரிகைகள் எழுதுவது பிற்காலத்து வழக்கம். ஆனால் விதை ரொம்பப் பழையது. 1948-லேயே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். அவற்றைச் சுற்றி அம்பத்தூர் எஸ்டேட். அங்கே வேலை கற்ற டர்னர்கள், டூல்மேக்கர்கள், பிறகு தாமே இரண்டு லேத் போட்டு ஓனர் ஆனார்கள். நம் சீனியர்கள் பலருக்கு முதல் வேலை இந்த வட்டாரத்தில்தான். அந்தக் காலத்து அளவெடுப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ப்ளக் கேஜை ஓட்டையில் விட்டுப் பார்த்தே ஐந்து மைக்ரான் டைட் என்று சொல்லிவிடும் கைகள் இருந்தன. ஆனால் கையில் இருந்த வித்தையைக் காகிதத்தில் காட்டச் சொன்னால் அவர்களால் முடியாது. யாரும் கேட்கவும் இல்லை.

கேட்க ஆரம்பித்தது மாருதி. 1983 டிசம்பரில் முதல் கார் வந்ததும், சுஸுகியின் ஆட்கள் சப்ளையர்களின் ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றார்கள். 1990-ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஐஎஸ்ஓ 9000 சான்று பெற்ற முதல் இந்தியக் கம்பெனி ஆனது. சில வருடங்களில் ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடிகளை இங்கிருந்து செய்து அனுப்பி, அந்தக் கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருதையும் திரும்பத் திரும்ப வாங்கியது. 1998-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. அதே வருடம் பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவுக்கு டெமிங் விருது கிடைத்தது. இந்தியாவுக்கு அதுவே முதல். மறு வருடம் மறைமலை நகரில் ஃபோர்டு ஐக்கான். (அந்த ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றபோது பல சின்னச் சப்ளையர்கள் தவித்த தவிப்பு தனிக் கட்டுரைக்கு உரியது.) பிறகு 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-ல் டிவிஎஸ் மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-ல் லூகாஸ் டிவிஎஸ் என்று டெமிங் விருதுகள் நம் பக்கமே வந்தன.

இதற்குப் பின்னால் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடா என்ற ஜப்பானிய ஆசான் இருக்கிறார். சுந்தரம் கிளேட்டனுக்கு வழிகாட்டியவர், உதிரிபாகத் தயாரிப்பாளர் சங்கத்தின் குழுப் பயிற்சிகளையும் நடத்தியவர். பாடிக்கு இறங்கிய இந்தக் கல்வி பெரிய கம்பெனிகளில் நன்றாகவே வேர்பிடித்தது. அந்தத் தலைமுறையில் பயிற்சி பெற்ற நம் சீனியர்களிடம்தான் நானும் படித்தேன். பிரச்சினை அவர்களுக்குக் கீழே. பெரிய கம்பெனிக்குச் சின்னக் கம்பெனி, அதற்கு இன்னும் சின்னது. கீழே இறங்க இறங்க, கல்வி கரைந்து ஃபாரம் மட்டும் மிஞ்சியது.

எப்படி என்று சொல்கிறேன். "ஆடிட் வருது, எம்எஸ்ஏ ஃபைல் இருக்கா?" என்பார்கள். எக்செல் ஷீட் ஒன்று கைக்குக் கை மாறி வரும். தொண்ணூறு எண்களை ஒருவர் சேரில் உட்கார்ந்தே அடித்துவிடுவார். விடை 8.7 சதவீதம் வரும் வரை கொஞ்சம் தட்டிச் சரி செய்வார். இதைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம், நிஜமான எண்கள் இவ்வளவு அழகாக இருக்காது. இன்னொரு தந்திரம், பத்து பீஸையும் வேண்டுமென்றே பெரிசும் சிறிசுமாகப் பொறுக்கி எடுப்பது. பீஸ் வித்தியாசம் பெரிதானால் கருவியின் வித்தியாசம் சதவீதத்தில் சின்னதாகிவிடும். இது முழுப் பொய் அல்ல என்பதால் இன்னும் ஆபத்து. டாலரன்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கேட்டால், "கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே சார், அப்புறம் என்ன?" என்பார்கள். கேலிபரேஷன் என்பது ஏஸி அறையில், பழகிய கை, மாஸ்டர் கட்டையை அளந்து வாங்கிய சான்றிதழ். ராத்திரி ஷிஃப்டில் எண்ணெய் சொட்டும் ஷாஃப்டை நின்றுகொண்டே அளக்கும்போது அந்தக் கருவி என்ன சொல்லும் என்பது வேறு பரீட்சை.

இது வெறும் காகித விஷயம் என்று நினைக்காதீர்கள். நான் போன ஒரு சின்ன யூனிட்டில் 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட், டாலரன்ஸ் ப்ளஸ் ஆர் மைனஸ் 25 மைக்ரான். ஒரு லாட் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்திருந்தது. ராத்திரி ஷிஃப்டில் பாஸ் செய்த ஆபரேட்டர் மீது பழி. சம்பளத்தில் பிடித்தம், இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று ஓனர் சொல்லிவிட்டார். அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி, எதிர்த்துப் பேச வழியில்லை. அளந்தது எதனால் என்று கேட்டேன். டிஜிட்டல் வெர்னியர். உடனே பத்து பீஸ், மூன்று ஆள், மூன்று தடவை. ஓனர் எதிரிலேயே செய்தோம். கருவியும் ஆளும் சேர்ந்த மாற்றத்தின் சிக்மா 3 மைக்ரான் வந்தது. ஆறு சிக்மா 18 மைக்ரான். மொத்த டாலரன்ஸ் 50. ஆக 36 சதவீதம். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பீஸை அந்த வெர்னியர் காலையில் பாஸ் என்றும் சாயங்காலம் ரிஜெக்ட் என்றும் சொல்லும். யார் பிடித்தாலும் சொல்லும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகக் குறைவு. மூன்று பேரில் ஆகச் சீராக அளந்தவர் யார் தெரியுமா? பழி சுமந்த அதே அண்ணன்தான்.

ஷீவார்ட் 1924-ல் சொன்னதை 90 எண்கள் கொண்ட ஒரு தாளில் மறுபடி பார்த்தோம், அவ்வளவுதான். ஓனர் கெட்டவர் அல்ல. அவருக்கு ரிஜெக்‌ஷன் என்றால் ஆள் தவறு, இல்லாவிட்டால் மெஷின் தவறு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. டயல் ஸ்னாப் கேஜ் ஒன்று வாங்கினார்கள். மறு சோதனையில் சிக்மா 0.7 மைக்ரான், அதாவது 8.4 சதவீதம். பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார். கஸ்டமரின் எஞ்சினியர் வந்தபோது விளக்கியது நானோ ஓனரோ அல்ல. அந்த அண்ணனே இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழிலேயே விளக்கினார். வந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என் கட்சி இதுதான்: இந்தச் சோதனையை ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் க்யூஏ ஆள் செய்யக்கூடாது, கருவியைத் தினமும் பிடிப்பவர் செய்ய வேண்டும், அவருக்குத் தெரிந்த மொழியில் செய்ய வேண்டும். க்யூஎஸ்-9000 2006-ல் காலாவதியாகிவிட்டது. அதன் இடத்தில் டிஎஸ் 16949 வந்து, 2016-ல் ஐஏடிஎஃப் 16949 ஆனது. எம்எஸ்ஏ கையேடும் 2010-ல் நாலாம் பதிப்பைக் கண்டது. முதலில் 5.15-ஆல் பெருக்கினார்கள், மூன்றாம் பதிப்பில் 6 ஆக்கினார்கள். அதே கருவி, அதே கை, டாலரன்ஸோடு ஒப்பிட்ட சதவீதம் மட்டும் ஒரே ராத்திரியில் கூடிவிட்டது! அந்த வருடம் எத்தனை ஆபரேட்டர்கள் திட்டு வாங்கினார்களோ. பெயர்களும் பெருக்கல் எண்களும் மாறும். தம்பி, தங்கைகள் இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம், எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். முக்கோணத்தையும் பூக்கடையையும் மட்டும் கையோடு கொண்டு போங்கள்.

போன வருடம் ஓசூர்ப் பக்கம் ஒரு யூனிட்டில் வகுப்பு. பெண் ஆபரேட்டர்கள் முப்பது பேர். சோதனை முடிந்து 9 சதவீதம் என்று கைதட்டிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "சார், நாங்க மூணு பேரும் ஒரே மாதிரி அளக்கறோம்னு தெரிஞ்சுது. மூணு பேரும் சேர்ந்து ஒரே மாதிரி தப்பா அளக்கறோமான்னு எப்படி சார் தெரியும்?"

பயாஸ் என்ற தலைப்பு மறுநாள் பாடத்தில் இருந்தது. அன்றைக்கே எடுத்துவிட்டேன். டூல் ரூமுக்கு ஆள் அனுப்பி ஸ்லிப் கேஜ் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னோம்.